தெரியாம

"தெரியாமத் தின்னுட்டா சிஸ்டர்" என்றார் இஞ்ஞாசி.

அந்த வார்த்தையைக் கேட்டாலே ஜெபசெல்விக்கு எரிச்சல். பதினாறு வருஷமாக நர்ஸ். மாத்திரையோ பூச்சிமருந்தோ, இந்த வார்டுக்கு வருகிற அத்தனை பேரும் தெரியாமத்தான் தின்றிருக்கிறார்கள். மாற்று ஆள் வராததால் நேற்றிலிருந்து ஒரே நிற்பு. கால் கடுத்தது.

கட்டிலில் அவர் மகள் விஜிலா டீ குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. நோயாளி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"எப்ப தின்னா?"

"காலைல ஏழு மணி இருக்கும். காய்ச்சல் மாத்திரைதான? உப்புத்தண்ணி கொடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து இவளுக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ண வாராங்க. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

உப்புத்தண்ணி வேறயா. இவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உப்புத்தண்ணி கொடுக்கவே கூடாது அண்ணாச்சி. காய்ச்சல் மாத்திரை அளவுக்கு மிஞ்சினா ஈரலைக் கெடுத்துரும். முதல் நாள் ஒண்ணும் காட்டாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கண்ணு மஞ்சளாகும். போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போனா. திரும்பக் கொண்டுவந்தப்ப நினைவில்ல."

அந்தப் பெண்ணை அன்றைக்கு வாசல்வரை கொண்டுவிட்டது ஜெபசெல்விதான்.

"ஏழு மணின்னா நாலு மணி நேரம் கழிச்சு, பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்துப் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவார். நேத்தே தின்னுருந்தா காத்திருக்கவே கூடாது, முறிவு மருந்தை இப்பவே ட்ரிப்ஸ்ல ஏத்தணும். போலீஸ் வந்தா எழுதிட்டுப் போயிருவாங்க, யாரையும் பிடிச்சிட்டுப் போகமாட்டாங்க. சரியான மணி எது?"

துறைமுகத்தில் சரக்கு தூக்கிக் காய்த்த இஞ்ஞாசியின் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது.

ஜெபசெல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஏளா, சாகணும்னு நினைச்சா தின்ன?"

"ம்" என்றாள் விஜிலா.

"எப்ப?"

விஜிலா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம்" என்றார் அவரே. "அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு நாலு மாசமாச் சொல்லுதா. நேத்து அடிச்சிட்டேன். வெளிய தெரிஞ்சா கேவலம்னு வீட்டுலயே வச்சிருந்தேன்."

திட்ட வாய் வந்தது, நேரமில்லை. ஜெபசெல்வி டாக்டரிடம் ஓடினாள். பத்து நிமிஷத்தில் விஜிலாவின் கையில் மருந்து இறங்கத் தொடங்கியது.

"பிழைச்சிருவாளா?"

"லேட்டுதான். ரெண்டு மூணு நாள் ரத்தம் பாத்துத்தான் சொல்ல முடியும். மனநல டாக்டரும் வருவாங்க, அவ பேசட்டும், நீங்க குறுக்க பேசாதீங்க. வீட்டுல இருக்க மாத்திரையெல்லாம் பூட்டி வைக்கச் சொல்லுங்க."

இஞ்ஞாசி போனை எடுத்து, நாளைக்கு யாரும் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ஜெபசெல்வி நோட்டைத் திறந்தாள். "என்ன எழுதட்டும்? தெரியாமத் தின்னுட்டான்னு போடவா?"

"தெரிஞ்சேதான் தின்னுருக்கா சிஸ்டர்" என்றார் இஞ்ஞாசி. "நாலு மாசமாச் சொல்லியும் எனக்குத்தான் தெரியாமப் போச்சு."