டிமான்ஸ்ட்ரேட்டரின் முந்திரி ஆராய்ச்சி

1946. ஆண்டிமடத்து முந்திரிக் கொட்டகைக்கு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் நல்லதம்பி வந்தபோது, அவருக்கு முன்னால் அவருடைய பி.எஸ்ஸி. பட்டம் வந்து இறங்கியது. உத்தியோகம் என்னவோ இன்னும் தற்காலிகந்தான். புதன்கிழமை டெபுடி டைரக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊருக்குப் பஸ்.

கொட்டை உடைக்கும் பெண்கள் கைநிறைய அடுப்புச் சாம்பலைப் பூசியிருந்தார்கள். நல்லதம்பி மூக்கைச் சுளித்தார்.

"என்ன அநாகரிகம் இது?"

"கொட்டைத் தோல்ல எண்ணெய் இருக்குங்க சார். வெறுங்கையில பட்டா வெந்துரும்" என்றாள் அவர்களில் மூத்தவளான கலியம்மாள்.

"நான் படிச்ச புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையே!"

திங்கள்கிழமை முழுவதும் அவர் வெறுங்கையால் உடைத்துக் காட்டினார். வியர்த்தபோது அதே கையால் முகத்தையும் துடைத்துக்கொண்டார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

செவ்வாய் காலையில் விரல்கள் சிவந்து தடித்திருந்தன. கன்னத்தில் சிறு கொப்புளங்கள். அரிப்போ சொல்லி மாளாது. திருச்சிக்கு ஆள் அனுப்பினால் சீமைக் களிம்பு வெள்ளிக்கிழமைதான் வரும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கலியம்மாள் வீட்டுக் கொல்லை வழியாகப் போய் நின்றார்.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றார். இந்த மூஞ்சியோட எப்படிம்மா நிக்கிறது?"

"மூச்சு முட்டுதுங்களா? நாக்கு, தொண்டை வீங்குதா?"

"இல்லை."

"அப்படியிருந்தா வண்டியப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இது வூட்டுலயே அடங்கிரும். சட்டையக் கழட்டுங்க, அதுலயும் எண்ணெ ஒட்டிக்கிட்டிருக்கும்."

சட்டையோடு பட்டமும் கழன்றுவிட்டது. நகக்கண் விடாமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்தாள். ஈரம் ஒற்றியதும் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவினாள். அவர் விரல் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"சொறிஞ்சீங்கன்னா கையக் கட்டிப் போட்டுருவேன்!"

"நான் சர்க்கார் உத்தியோகஸ்தன்!"

"சர்க்காரு தோலு மட்டும் சொறிஞ்சா புண்ணாவாதா?"

புதன் காலையில் அரிப்பு அடங்கி, சிவப்பும் மங்கியிருந்தது. டெபுடி டைரக்டர் கொட்டகைக்குள் நுழைந்தார். பெண்களின் சாம்பல் கைகளைப் பார்த்து முகம் சுளித்தார். நானே செய்து காட்டுகிறேன் என்பதுபோல வெறுங்கையை ஒரு கொட்டையை நோக்கி நீட்டினார். ஆபீசர் கன்னத்தில் கொப்புளம் வந்தால் அப்புறம் நிரந்தரம் ஏது?

"தொடாதீங்க சார்!" என்று கத்திவிட்டார் நல்லதம்பி. கத்திய பிறகு காரணம் சொல்ல வேண்டுமே. சாம்பல் சட்டியைத் தூக்கி நீட்டினார். "இது காரத்தன்மை கொண்ட காப்புப் பூச்சு, சார். கொட்டைத் தோல்ல இருக்கிற எண்ணெய் கையில படாம தடுக்கும். அடியேனுடைய ஆராய்ச்சி."

நிஜந்தானா என்பதுபோல டெபுடி டைரக்டர் கலியம்மாளைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "சொந்தத் தோலக் குடுத்துப் பண்ணுன ஆராய்ச்சி."

"அபாரம்! உங்களை நிரந்தரம் பண்ணிடறேன் நல்லதம்பி. ஆனா ஆராய்ச்சியைப் பாதியில விடக்கூடாது. சீசன் முடியறவரைக்கும் இங்கேயே இருந்து, தினம் ஒரு மூட்டை உங்க கையாலயே உடைச்சு ரிப்போர்ட் அனுப்புங்க."

கார் புறப்பட்டுப் போனது. கலியம்மாள் ஒரு மணைக்கட்டையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். மெதுவாத் தட்டுங்க, பருப்பு ஒடையக்கூடாது."