யார் உட்கார வைத்தது?

அனந்தலக்ஷ்மி டீச்சர் பேரையூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பதினாறு வருஷமாகச் சமூக அறிவியல் நடத்தினாள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்ற சட்டப் பிரிவை அவள் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டு, காலனிப் பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

எழுபத்தெட்டு ஜூனில் ஆறாம் வகுப்புக்குத் தங்கப்பொண்ணு டீச்சராக வந்தாள். இருபத்திரண்டு வயது. முதல் வாரமே சீட்டுக் குலுக்கி, வந்த நம்பர்படி பிள்ளைகளை உட்கார வைத்தாள். காலனிச் சீனியம்மாளும், ஊர்ப் பெரியதனக்காரர் உக்கிரபாண்டியின் மகள் அழகம்மாளும் ஒரே பெஞ்சு. பானையிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு ஊற்றும் முறை சீனியம்மாளுக்கும் வந்தது.

இடைவேளையில் பிள்ளைகள் தங்கப்பொண்ணுவையே மொய்த்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இதுதாம்மா பாடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வகுப்பில் நின்ற அனந்தலக்ஷ்மிக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷத்தில் ஒருத்தர்கூடத் தன்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று தங்கப்பொண்ணு நீட்டிய முறுக்கைக்கூட அவள் தொடவில்லை.

ஒரு திங்கட்கிழமை உக்கிரபாண்டி நாலு பேரோடு தலைமையாசிரியர் பசுபதியின் அறைக்கு வந்தார். அனந்தலக்ஷ்மி அங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மகள அங்கன உக்கார வச்சது யாரு? மாத்தலேன்னா ஒரு பிள்ள இங்க வராது."

"புது டீச்சர்ண்ணே. யாரையும் கேக்காம தானாப் பண்ணிருச்சு" என்றார் பசுபதி.

தானா. அந்த வார்த்தை அனந்தலக்ஷ்மியைச் சுட்டது. நாளைக்கு ஊர் முழுக்கத் தங்கப்பொண்ணு பேச்சுத்தான். திட்டினாலும் அவள் பேர்தான்.

"அவ இல்லே. நான் சொல்லித்தான் செஞ்சா."

உக்கிரபாண்டி திகைத்தார். "டீச்சர், நீங்களா? எம்மூத்தவனுக்கும் நீங்கதானே பாடம் எடுத்தீங்க. அப்ப இப்புடி இல்லியே?"

"அப்போ தப்பா நடத்திட்டேன்" என்று அனந்தலக்ஷ்மியின் வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது.

பதினொரு பிள்ளைகள் இரண்டு வாரம் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், அழகம்மாள்தான் முதலில். சொன்ன சொல்லுக்காக அனந்தலக்ஷ்மியும் தன் வகுப்புகளில் சீட்டுக் குலுக்கினாள்.

தங்கப்பொண்ணு கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களேக்கா!"

"உனக்காக ஒண்ணும் இல்லே" என்றாள் அனந்தலக்ஷ்மி. தங்கப்பொண்ணு அதை நம்பவில்லை.