ஏழாம் தொட்டியில் வைத்த கை

ஏழாம் தொட்டியின் அடியில் கிளாம்பு கழன்று ஹோஸ் தெறித்தபோது நான் நாலடி தள்ளி நின்று தரை கழுவிக்கொண்டிருந்தேன். கைத்தடிமனில் சிவப்பு ஒயின் தாரை எதிர்ச்சுவரில் போய் அடித்தது. வால்வின் பிடி என் இடுப்பு உயரம்தான். கால் சுற்றுத் திருப்பினால் நின்றுவிடும். நான் திருப்பவில்லை. ஹோஸ் பக்கம் போகாமல் எதிர்த்திசையில் ஓடினேன்.

பதினோரு திராட்சை அறுவடையாக இந்த மலை ஒயின் ஆலையில் எனக்கு வேலை. கூடை சுமக்கலாம், தொட்டியை வெளியே தேய்க்கலாம், காலியாக இருந்தால் உள்ளே இறங்கிச் சுரண்டலாம். சாறு இறங்கிய பிறகு யூதனல்லாதவன் கை பட்டால் அந்தத் தொட்டி போச்சு. விதி பார்க்கிற எந்த வீட்டிலும் வெள்ளி மாலை மேசைக்கு அது வராது. யூதனாகப் பிறந்தது மட்டும் போதாது, ஓய்வுநாளையும் கைக்கொள்ள வேண்டும். முதலாளி யோராம் சனிக்கிழமையில் கார் ஓட்டுகிறவர், சிகரெட் பிடிக்கிறவர். அதனால் தன் சொந்த ஒயினை அவரும் தொடக்கூடாது. ருசி பார்க்க எல்கானா குவளையில் பிடித்துக் கொடுப்பான். பூசையில் நற்கருணைக்கு நிற்கிறவன் மாதிரி யோராம் கைகட்டி நின்று வாங்குவார்.

எல்கானாதான் விதி பார்க்க ரப்பிமார், அதாவது யூத குருமார், அனுப்பிவைத்தவன். வால்வு திறப்பது, ஹோஸ் மாட்டுவது எல்லாம் அவனும் அவன் ஆட்கள் இரண்டு பேரும்தான். மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பம். எங்கள் அரபியில் வசவெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கிறிஸ்தவனான என்னிடம் சொன்னான்: "பூசையில உங்க சாமியாரு தொட்டா அது ரத்தமாவுது. நீ தொட்டா எனக்கு சாக்கடையாவுது. என்ன கையிடா நக்லே உங்களுக்கு?"

"அப்ப ஃபவ்வாஸ் தொட்டா?" என்றேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஃபவ்வாஸ், என் மகன் பேரை வைத்து என்னை அபு தோமா என்று கூப்பிடுகிறவன், வாயில் ரொட்டியோடு சொன்னான்: "என்னை எதுக்குப்பா இழுக்குறீங்க? எனக்கு அதுவே ஹராம். குடிக்கிறவன் மட்டுமில்ல, சுமக்குறவனும் சபிக்கப்பட்டவன்னு சொல்லி எங்கப்பா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து என் சம்பளத்துல ஒரு கிலோ சர்க்கரை கூட வாங்க விடமாட்டேங்குறாரு."

"வெங்காயம்?" என்றேன்.

"வெங்காயம் எங்கம்மா வாங்கும். அவருக்குத் தெரியாது."

போன மாதம் இரண்டாம் தொட்டியில் ஒரு ஹோஸ் இதே மாதிரி கழன்றது. அப்போது யோராம் எல்லோர் முன்னாலும் எல்கானாவிடம் சொன்னார்: "இன்னொரு தடவை கழண்டா ரப்பிமாருக்கு எழுதி வேற ஆளக் கேட்டுருவேன்." எல்கானா தலைகுனிந்து நின்றான். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு கிளாம்பையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தான்.

இன்றைக்கும் முறுக்கித்தான் இருப்பான். ஆனாலும் கழன்றுவிட்டது.

பாட்டில் கிடங்கில் எல்கானாவும் அவன் ஆட்களும் சேர்த்துப் பத்துப் பேர் தெற்கே எருசலேமைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்கால ஜெபம். வாய்க்குள்ளேயே சொல்லும் பகுதிக்கு வந்திருந்தார்கள். அதில் கால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், முடியும்வரை நகரக்கூடாது, வாய் பேசக்கூடாது.

"எல்கானா! ஏழு! ஏழு ஓடுது!"

அவன் தோள் அசைந்தது. ஒட்டியிருந்த குதிகால்கள் பிரியவில்லை. பத்து முதுகில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அந்த ஜெபத்தை விட்டு நகர உயிருக்கு ஆபத்து வந்திருக்க வேண்டும். ஒயினுக்கு உயிரில்லை.

திரும்பி ஓடி வந்தேன். தரையில் ஒயின் கணுக்கால் வரை நின்றது. ஃபவ்வாஸ் வண்டியை நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தான், காலை இருக்கைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

"தொடாத, அபு தோமா! ஓடட்டும்! அவங்க ஒயினு, அவங்க விதி!"

அவன் சொன்னது சரிதான். நான் ஒரு கணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுகூட நின்றேன். அப்புறம் தாரைக்குள் கையை விட்டுப் பிடியைத் திருப்பினேன். தோள்வரை நனைந்தது. சத்தம் நின்றது.

"நான் எதையும் பாக்கல," என்றான் ஃபவ்வாஸ். "நீயும் பாக்கல. தானா நின்னுச்சு."

எல்கானா மூன்றடி பின்னால் வைத்து ஜெபத்தை முடித்துவிட்டு ஓடிவந்தபோது யோராமும் ஆபீசிலிருந்து வந்துவிட்டார். தரையைப் பார்த்தார், தொட்டியின் அளவுக்குழாயைப் பார்த்தார். முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

"நல்ல வேளை மூடிட்ட எல்கானா. நீதான மூடுன?"

"நான் ஜெபத்துல இருந்தேன்."

"உன் ஆளுங்க யாராச்சும் மூடியிருப்பாங்க."

"அவங்களும்தான்."

"அப்ப நீதான்னு வச்சுக்குவோம்," என்றார் யோராம் மெதுவாக. அவன் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தொட்டியும் பிழைக்கும், அவன் வேலையும் பிழைக்கும். எல்கானா என் சட்டையைப் பார்த்தான். வலது கை முழுக்கக் கருஞ்சிவப்பு.

"நான்தான்," என்றேன்.

ஃபவ்வாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

எல்கானா கிட்டே வந்தான். "பிடிய மட்டுமா தொட்ட? இல்ல ஒயின்லயும் கை பட்டுச்சா?"

"பாக்குறியே."

"சரி. இப்ப கேக்குறதுக்கு யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல. அந்நியச் சாமிக்கு ஒயின் ஊத்துற கைய நெனச்சு அந்தக் காலத்துல வச்ச விதி இது. அதனால மனசுல என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஒயின்னு நெனச்சுக் கைய வச்சியா? இல்ல, ஒழுகுது, அடைக்கணும்னு வச்சியா? ரெண்டாவதுன்னா ஒரு வழி இருந்தாலும் இருக்கும்."

வழியை அவனே காட்டிவிட்டான். யோராம் என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஒழுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் சொல்ல வேண்டிய பாவங்களில் அது கடைசியில்கூட வராது. ஆனால் எல்கானாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"ரெண்டும் இல்ல," என்றேன். "போன மாசம் இவர் உன்ன எல்லார் முன்னாடியும் பேசினாரே, அப்ப நீ நின்ன நிலை. அதான் வந்துச்சு. வேற ஒண்ணும் வரல."

யோராம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்கானா வால்வுப் பக்கம் குனிந்தான். பையிலிருந்து வெள்ளை நாடாவை எடுத்து, தீர்ப்பு வரும்வரை யாரும் திறக்காதபடி வால்வைச் சுற்றி ஒட்டினான், தேதி எழுதினான். பிறகு போனில் ரப்பியைக் கூப்பிட்டான். கிளாம்பு, ஜெபம், தாரை, தோள்வரை நனைந்த கை என்று எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னான். கடைசியில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னை நெனச்சு வச்சானாம்" என்றான்.

எதிர்முனையிலிருந்து தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். ஃபவ்வாஸ் வண்டியின் எஞ்சினை அணைத்தான். தரையில் தேங்கியது இனி யாருடையதும் இல்லை, யாரும் தொடலாம். எங்கிருந்தோ குளவிகள் வந்து அதன் ஓரமாக இறங்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தன.