எல்லாம் கிடைக்கும்

சவுண்ட் தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான்: நிகழ்ச்சி நடத்துகிறவன் முதலில் கேட்பது, "எத்தனை மைக் வேணும்?" என்றுதான். பத்து என்றால் முகத்தைச் சுளிப்பான். ஆறு என்றால், "ஒரு மைக்க ரெண்டு பேரு பிடிச்சா ஆகாதா?" என்பான். மஸ்கட்டிலும் மனாமாவிலும் இந்தச் சண்டையைப் போட்டுப் போட்டே எனக்குத் தலை நரைத்தது. அதனால்தான் அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் எதையும் கேட்காமல், எல்லாவற்றுக்கும் "கிடைக்கும்" என்று சொன்னபோது எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஜபாரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காக்காரன். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். பயம்தான், வேறென்ன. இடுப்பு வரை சடை தொங்கும் ரெகே பாடகன். அஜ்மானில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை மதிய விருந்துக்குப் பாடுவான். மிக்ஸரில் நான் உட்கார்ந்திருப்பேன். கிளிட்டஸ் என்ற என் பெயரை விட்டுவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவனைக் கூப்பிடுவது போலவே அவனும் என்னை "மக்கா" என்றுதான் கூப்பிடுவான். தின்ன வருகிற கூட்டத்துக்கு எப்போதும் ஜமைக்காவின் பழைய பாட்டுகள்தான் வேண்டும். ஒன்பது வருஷமாக அடுத்தவன் பாட்டையே பாடி அவனுக்கு நொந்துபோயிருந்தது.

மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே கைதான் பேசும். கட்டைவிரல் மேலே போனால் சத்தத்தைக் கூட்டு, உள்ளங்கை கீழே போனால் குறை. இது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. இருமல் வந்தாலோ, மேனேஜரைத் திட்டத் தோன்றினாலோ, ஜபாரி இடது கையைத் தொடையில் வைத்துக் கடைசி இரண்டு விரல்களையும் மடக்குவான். என் மைக்கை அடை, இனி வருவது யார் காதிலும் விழ வேண்டாம் என்று அர்த்தம். நானும் சட்டென்று அடைத்துவிடுவேன். இது வேறு யாருக்கும் தெரியாது.

ஓட்டல் ஸ்டோர் ரூமில் மேஜை விரிப்புகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு அவனுடைய சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தோம். அவன் ஊர்த் துறைமுகத்தில் சம்பளம் கேட்டு நின்று காணாமல்போன ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவன் எங்கே, இவன் எங்கே என்று கேட்கிற பாட்டு. பதிவு முடிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் நாட்டில் பஸ்ஸெல்லாம் அது ஓடியது. ரேடியோவில் தடை போட்டார்கள். தடை போட்ட பிறகு கல்யாண வீடுகளிலும் ஓடியது.

அதற்குப் பிறகுதான் கோட்டுக்காரர் வந்தார். உச்சிவெயிலில் கடற்கரை மேஜையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, எல்லாரும் பீர் குடிக்கையில் வெந்நீர் வாங்கிக் குடித்தார். பாட்டு முடிந்ததும் ஜபாரியிடம் வந்து, தாய்நாடே அவனுக்காகக் காத்திருக்கிறது என்றார். தலைநகரத்து ஸ்டேடியத்தில் அந்தப் பாட்டையே பாடலாமாம்; தடையை எடுத்துவிடுவார்களாம்.

"பதிவு ரொம்ப நல்லா இருக்கு. யார் செஞ்சது?" என்று கேட்டார்.

ஜபாரி பெருமையாக என் தோளில் தட்டினான். "இவன்தான். என் மக்கா, கிளிட்டஸ்."

அவர் என் பெயரை மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அஜ்மானிலேயே ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிற என் மனைவி அருள்செல்விக்கு விஷயத்தைக் கேட்டதுமே பிடிக்கவில்லை. "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? உங்க டூட்டிய மட்டும் பாத்துட்டு வாங்க" என்றாள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கோட்டுக்காரரைச் சோதித்துப் பார் என்று ஜபாரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஊதுகுழல் குழு வேண்டும் என்று வாட்ஸப்பில் கேட்டான். கிடைக்கும் என்று பதில் வந்தது. பெரிய பியானோ? கிடைக்கும். கடைசியில் கிண்டலுக்கு, மேடையில் ஓர் ஒட்டகம் நிற்க வேண்டும் என்று கேட்க வைத்தேன். அதற்கும் அதே பதில்தான். ஜபாரி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"லே மக்கா, அங்க மேடையே கெடையாதுலே," என்றேன். "நெசமா மேடை போடுறவன் ஒட்டகத்துக்குச் சரின்னு சொல்லமாட்டான். எத்தனை மைக் வேணும்னு அவன் ஒருவாட்டியாவது கேக்கட்டும், ஒனக்க பெட்டிய நானே ஏர்போர்ட்டுக்குத் தூக்கிட்டு வாறேன்."

அந்த வாரமே ஓட்டல் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, கான்ட்ராக்ட் முடிந்தது, விசா கேன்சல் என்றார். ஏன் என்று கேட்கப் போனேன். "கலாஸ், முடிஞ்சுது" என்று கையை உதறினார். என் விசாவும் அவர் கையில்தான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மனாமாவில் ஓர் ஓட்டலில் அவனுக்குப் பாட இடம் பேசி வைத்தேன். ஜபாரி வேண்டாம் என்றான். "அங்கயும் பழைய பாட்டுதான மக்கா. என் ஜனங்க முன்னாடி என் பாட்ட நான் ஒரு தடவகூட பாடினதில்ல. மேடை இருக்கவும் செய்யலாம்ல?"

இருக்கலாம் என்றேன். என் வாயில் வேறு என்ன வரும்? பெட்டியைத் தூக்கப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

ஊருக்குப் போனவனிடமிருந்து சத்தமே இல்லை. நான் அனுப்பிய செய்திகள் போய்ச் சேரவே இல்லை. ஸ்டேடியத்தில் நிகழ்ச்சி நடந்ததாக எங்கும் ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமை மதியங்களில் வேறொருத்தன் வந்து அதே பழைய பாட்டுகளைப் பாடினான். கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிறு மதியம், சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. நீலத் திரைக்கு முன்னால் நாற்காலியில் ஜபாரி. முதலில் எனக்கு ஆள் தெரியவில்லை. தலையை மழித்திருந்தார்கள்.

இங்கிலீஷில் நிதானமாகப் பேசினான். தன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். பாட்டில் சொன்னது தவறாம். நிகழ்ச்சி கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறதாம். "என் சவுண்ட் இன்ஜினியர் கிளிட்டஸ் வந்ததும் மேடை ஏறுவேன். வா கிளிட்டஸ். டிக்கெட் அனுப்புறாங்க" என்றான்.

ஒரு தடவைகூட மக்கா என்று சொல்லவில்லை. என் பார்வை அவன் கைக்குப் போனது. இடது கை தொடையில் இருந்தது. கடைசி இரண்டு விரல்களும் மடங்கியிருந்தன.

நான் போனின் சத்தத்தை அடைத்தேன். அவன் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"ஆளு சொகமாத்தான இருக்காரு? ஏன் சத்தத்த அடச்சிய?" என்றாள் அருள்செல்வி.

"அவன்தான் அடைக்கச் சொல்லுதான்" என்றேன். அதற்கு மேல் முடியாமல் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அங்கே உட்கார்ந்துகொண்டு, அந்த நிலையிலும், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறானே பாவி.

அவள் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். போன் மறுபடி அதிர்ந்தது. கோட்டுக்காரர் எனக்கே நேராக எழுதியிருந்தார்: "வணக்கம், மிஸ்டர் கிளிட்டஸ். எத்தனை மைக் வேண்டும்?"

அந்தக் கேள்வி வந்தால்தான் நம்புவேன் என்று நான் ஜபாரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.