பிறந்த தேதியில் ஓடிய ஜங்ஷன்

அண்ணன் செல்லமாக வைத்த 'குட்டி' என்ற பெயர், சாலைத் துறை அலுவலகம் வரைக்கும் அவள் பின்னாலேயே வந்துவிட்டது. தலை நரைத்து, ஒரு பிரிவுக்கே பொறுப்பாளரான பிறகும் எல்லோருக்கும் அவள் குட்டி மேடம்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போக்குவரத்துப் பிரிவு முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர். ஜன்னலோரம் தனி மேஜையில், துணி உறையைப் போர்த்திக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். சந்தை ஜங்ஷனில் ஒரு திருப்பத்தை அடைத்தால் நெரிசல் குறையுமா என்று அதில் ஓட்டிப் பார்ப்பதுதான் குட்டியின் முதல் வேலை. வண்டிகளெல்லாம் திரையில் புள்ளிகளாக ஊர்ந்து போகும். ஒரு ஓட்டம் முடிவதற்குள் மதியச் சாப்பாட்டையே முடித்துவிட்டு வந்துவிடலாம்.

முதல் ஓட்டத்திலேயே வண்டிகள் காத்து நிற்கும் நேரம் கால்வாசி குறைந்தது. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். "அடுத்த வாரமே மேலிடத்துக்கு அனுப்பிடலாம்" என்றார். குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்து மேஜைத் தோழி மட்டும் அச்சடித்து வந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளியியல் படித்தவள். எதையும் லேசில் நம்பமாட்டாள்.

"ஆரம்ப எண் என்ன குடுத்தே?"

"என் பிறந்த தேதி."

"அப்போ உன் பிறந்தநாளுக்கு மட்டும் ஜங்ஷன் நல்லா இருக்கும்."

எந்த வண்டி எப்போது வந்து சேரும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எண்ணை மாற்றினால் வேறு ஒரு நாள் மாதிரி. ஒரே நாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

இதெல்லாம் குட்டிக்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்குச் சுரீர் என்று கோபம்தான் வந்தது. "உனக்குப் பொறாமை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் வேறு எண் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். திருப்பத்தை அடைத்ததும் நெரிசல் கூடிப்போனது. எழுந்து போய்த் தோழியின் மேஜை முன் நின்றாள்.

"வா, வந்து பாரு" என்றாள்.

அதற்கப்புறம் சாயங்காலங்கள் எல்லாம் ஓட்டங்களுக்கே போயின. திருப்பத்தை அடைத்து ஓர் ஓட்டம், அடைக்காமல் ஓர் ஓட்டம். புள்ளிகள் ஊர்ந்து முடியும் வரை இருவருக்கும் பேச்சுதான் வேலை. அம்மாக்களின் குணம், செருப்புக்கடைக்காரனின் குணம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குட்டியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வரும் அண்ணன், முதலில் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். பிறகு கதவருகே நின்றான். அப்புறம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கடைசியில் மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டார். "நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தைன்னா, தெரியலை சார்" என்றாள் தோழி.

அவர் முகம் சுண்டிப்போனது. தோழி கரும்பலகையில் இரண்டு நிறச் சாக்கட்டியால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். அடைத்ததும் அடைக்காததும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"ரெண்டு கூட்டமும் பிரிஞ்சு நின்னாத்தான் சார் ஏதாவது சொல்ல முடியும்."

குட்டி ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் போட்ட முதல் கணக்கு குருட்டு அதிர்ஷ்டம் சார். திருப்பத்தை விட்டுடலாம். பஸ் நிறுத்தத்தைச் சிக்னலை விட்டுத் தள்ளி வச்சுப் பார்க்கலாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கூடுதல் நாட்கள் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தை நகர்த்தியதும் புள்ளிகள் சண்டை போட்ட சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியே ஒதுங்கி நின்றன. எந்த எண்ணைக் கொடுத்தாலும் காத்திருப்பு குறைந்தது. அப்படியே அறிக்கை போனது, அப்படியே கட்டினார்கள்.

ஆனால் அறிக்கை அனுப்புவதற்கு முந்தின சாயங்காலமும் தோழி "இன்னும் ரெண்டு ஓட்டம் பார்த்துடலாமே" என்றாள். குட்டி காகிதத்தைப் பார்த்தாள். சராசரி அசையவில்லை. தோழியைப் பார்த்தாள். அவள் கண் வாசலில் இருந்தது.

"ஏய், இது கணக்குக்கா, எங்க அண்ணனுக்கா?"

தோழிக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. "ரெண்டுக்கும்தான்னு வச்சுக்கோயேன்."

அந்த வருஷமே கல்யாணம். அம்மாவின் கண்டிப்பால் வீட்டில் 'வாங்க அண்ணி', அலுவலகத்தில் பழையபடி 'வாடி'. அண்ணி ஓய்வு பெறும் வரை அது அப்படியே நடந்தது.

அண்ணன் இறந்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் அண்ணி குட்டியின் அறைக்கு வந்தாள். ஒரு புது மேம்பாலத்துக்கான கணக்கு மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் ஆறுவதற்குள் நூறு ஓட்டமும் முடிந்து, சராசரியும் அதன் ஏற்ற இறக்கமும் திரையில் வந்து நின்றன. அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு" என்றாள். பிறகு சிரித்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சா, நடுவுல என்னத்தடி பேசுறது?"

குட்டி மடிக்கணினியை மூடினாள். இன்னும் இரண்டு தேநீர் சொன்னாள். வெளியே சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் அப்போ தினமும் பல்வலின்னு பொய் சொல்லிட்டுத்தான் அவர் ஆபீஸ்ல இருந்து சீக்கிரம் கிளம்புவாராம். தெரியுமா உனக்கு?"

"பல்வலியா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"கல்யாணத்துக்கு வந்த அவரோட மேனேஜர், பல் எப்படி இருக்குன்னு மேடையிலேயே கேட்டார்" என்றபடி அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.