விரால் சாகவில்லை

குளத்தில் கெண்டையும் கட்லாவும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்த அன்று, வெயில் ஏறுவதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிவிட்டது. பேசியவன் மீன் குத்தகைக்காரன் துரைராசு. "பாட்டிலும் கையுமா கரையில சுத்துதே பம்பாய்ப் பொண்ணு, அது யூதக்காரி. குளத்துல விஷத்தைக் கலந்துடுச்சு. அந்தக் கூட்டத்துக்கு இதான் தொழில்."

எஸ்தர் தண்ணீர் ஆராய்ச்சிக்கு வந்தவள். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் அந்த ஊரில், பக்கீர் முகம்மது வீட்டு மாடியில் குடியிருந்தாள். இப்போது படியில் பையோடு நின்றாள். கீழே கூட்டம்.

"ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க பாய்," என்றார் கூட்டத்தின் முன்னால் நின்ற வைரக்கண்ணு. "பாலஸ்தீனத்துல புள்ளைங்களைக் கொல்றது யாரு?"

"அதுங்களுக்காக தினம் துவா கேக்குறவன் நான். கொல்ற அரசாங்கத்தைத் திட்டுங்க, நானும் வர்றேன். பம்பாயில பொறந்த பொண்ணு என்ன பண்ணும்?"

கூட்டம் பக்கீர் முகம்மதுவைத் தாண்டிப் படியில் கால் வைத்தது.

"மாமா," என்றது ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். வைரக்கண்ணுவின் அக்கா மகன் நெடுமாறன். கல்லூரியில் சரித்திரம் நடத்துபவன். மனைவி மலர்க்கொடி இறந்துபோனதிலிருந்து ஊரில் யாரோடும் பேசாதவன். "தாத்தாவை எதுக்கு மரத்துல கட்டி வச்சாங்க?"

வைரக்கண்ணுவின் முகம் மாறியது. "மிராசு வீட்டு மாடு செத்துச்சு. விஷம் வச்சோம்னாங்க."

"வச்சாரா?"

"நோய்ல செத்த மாடுடா அது."

"ஐரோப்பாவுலயும் அப்படித்தான். ஏசுவைக் கொன்னவன்னு யூதனை ஒதுக்கினாங்க. நிலம் வச்சுக்கக் கூடாதுன்னாங்க. வட்டித் தொழிலுக்குத் தள்ளிட்டு வட்டிக்காரன்னு ஏசினாங்க. கொள்ளைநோய் வந்ததும், கிணத்துல விஷம் வச்சான்னு தெருத்தெருவா கொளுத்தினாங்க. எழுநூறு வருஷத்துப் பொய் மாமா. இன்னைக்கு நம்ம தெருவே ஃபார்வர்ட் பண்ணுது."

"கதையைக் காலேஜ்ல வச்சுக்குங்க வாத்தியாரே," என்றான் துரைராசு. "மீனு எப்படிச் செத்துச்சு?"

"விரால் செத்துச்சா?"

துரைராசு கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்த மலர்க்கொடிக்குக் குழம்பு வைக்க நெடுமாறன் விரால் வாங்கியிருந்தான். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தபோதும் அது வாளியில் உயிரோடு இருந்தது. மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நாட்களில் அவனுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

"விஷம்னா விராலும் செத்திருக்கணும். தண்ணியில காத்து இல்லாமப் போனாத்தான், மேல வந்து மூச்சு வாங்குற விரால் மட்டும் பிழைக்கும். வாங்க, பாப்போம்."

வைரக்கண்ணுதான் வலை வீசினார். செத்த கெண்டைகளுக்கு நடுவே முழங்கை நீள விரால் ஒன்று துள்ளியது. அடுத்த வீச்சில் இன்னும் இரண்டு. கரையில் நின்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"மீனுக்குத் தீனின்னு நீ கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையா கொட்டினா கெண்டைக்கு மூச்சு எங்கேருந்துடா வரும்?" என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஒருத்தி.

"நான் சொன்னேன்," என்றாள் எஸ்தர், துரைராசுவைக் காட்டி, தட்டுத்தடுமாறிய தமிழில். "தண்ணியில காத்து இல்லைன்னு. அவர் சிரிச்சார்."

வைரக்கண்ணு தன் போனைத் துரைராசுவின் வாயருகே நீட்டினார். "அதே குழுவுல, அதே வாயால பேசு. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி."

பேசினான். கரை நெடுகப் போன்களில் அவன் குரல் ஒலித்தது: "நான் சொன்னது பொய். எஸ்தர் ஒண்ணும் கலக்கல." பக்கீர் முகம்மது அவள் பையைப் பறித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரிய விரால் நெடுமாறன் கைக்கு வந்தது. கையில் துள்ளித் திமிறியது. அவன் விடவில்லை.

"நான் குழம்பு வைக்கிறேன். பாய், நீங்களும் வரணும்." எஸ்தரைப் பார்த்தான். "நீங்களும்."

"இதுக்குச் செதில் இருக்கா? செதில் இல்லாத மீன் எங்க மதத்துல சாப்பிடக் கூடாது."

"இருக்கு."

"அப்போ ரெண்டு துண்டு."

நெடுமாறன் சிரித்தான்.