காற்றுப் படாத காற்றுமானி

எங்கள் தீவில் புரா அடிக்கும் நாளில் யாரும் கல்யாணம் வைத்துக்கொள்வதில்லை. மணப்பெண்ணின் முக்காட்டை இத்தாலியில் போய்த்தான் பொறுக்க வேண்டும். வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று ஒருமுறை பாதிரியாரின் பிரசங்கத்தை அவர் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. அக்கரையில் இரண்டு குடிகாரர்கள் மனம் திருந்தியதாகக் கேள்வி. தீவின் ஒரே பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டியவன் நான். ரிவர்ஸ் கியர் போடாமலே பின்னால் போயிருக்கிறேன். நம்பாதவர்கள் குளிர்காலத்தில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்பேர்ப்பட்ட ஊரின் இணையதளத்தில், நகராட்சி முத்திரைக்குக் கீழே, சிரிக்கிற சூரியன் ஒன்றின் பக்கத்தில், வருஷம் முழுக்க என்ன போட்டிருக்கும் தெரியுமா? ‘இப்போதைய நிலை: மென்காற்று.’

வெறும் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் மச்சினன் யெர்கோவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கடலைத் தாண்டிப் போய் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். நாங்கள் இருப்பது தீவின் நடுவில் ஒரு பள்ளத்தில். வீட்டுக்குக் கீழே சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் வடக்குத் துறை. அங்கிருந்து வேகப்படகு நேரே ஆஸ்பத்திரி ஊருக்குப் போகும். ஆனால் புரா அடித்தால் கிளம்பாது. வலப்பக்கம் தெற்குத் துறை. அங்கே நிற்கும் பெரிய கப்பல் எந்தக் காற்றுக்கும் அசையாது. ஆனால் படகுக்கு முன்பே கிளம்பிவிடும், வேறு ஊரில் இறக்கிவிடும், அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நோயாளி உடம்பு அதை எப்போதாவது தாங்கும், வாரம் மூன்று தடவை தாங்காது.

ஆகவே விடியலில் அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்தினால் ஒரே கேள்விதான்: மலைக்கு அந்தப் பக்கம் காற்று அடிக்கிறதா இல்லையா? எங்கள் பள்ளத்தில் இலைகூட அசையாது. அந்த நேரத்தில் துறைமுக அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் கிடையாது. நகராட்சியின் பக்கத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜனவரியில் ஒரு நாள் பக்கம் மென்காற்று என்றது. இடப்பக்கம் திருப்பினேன். மலை முகட்டைத் தாண்டியதுமே வண்டி தானாகச் சாலையின் ஓரத்துக்கு நகர்ந்தது.

“அத்தான், மென்காத்துன்னுதானே போட்டிருந்தான்? உங்க வண்டி ஏன் நண்டு மாதிரி போவுது?” என்றான் யெர்கோ.

துறையில் படகு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. திரும்பித் தெற்கே பறந்தோம். கப்பல் எங்களுக்கு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய சிகிச்சை போயிற்று. மறுநாள் அவன் கால்கள் தூண்களாக வீங்கின, படுத்தால் மூச்சு வரவில்லை. காவல் படகை வரவழைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் என்னைத்தான் திட்டினார்: இன்னொரு நாள் தள்ளியிருந்தால் சவப்பெட்டியோடு வந்திருக்க வேண்டியதுதானாம். இதில் மட்டும் நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நேரே நகராட்சிக்குப் போய், காற்றுமானி எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் டொலோரெஸ் பெருமையோடு கூட்டிப்போனாள். நாலு பக்கமும் இரண்டு மாடிச் சுவர், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். மரத்தடியில், சிலந்தி வலை பின்னிய நாலு கிண்ணங்களோடு, நம் கதாநாயகன்.

முதலில் வடக்குத் துறை அலைதடுப்பின் முனையில்தான் வைத்தார்களாம். முதல் வாரமே புரா அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். இரண்டாவதை யோசித்துப் பத்திரமான இடத்தில் வைத்தார்களாம்.

“மூணு வருஷமாச்சு பெரியவரே, ஒரு கீறல் இல்ல.”

“ஏம்மா, நீ மீன் வளர்த்தா, முங்கிடப் போவுதுன்னு தூக்கி அலமாரியில வைப்பியா?”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. காற்று என்று போட்டால் எந்தச் சுற்றுலாக்காரன் வந்து அறை எடுப்பான் என்று கேட்டாள். மேயர் வின்கோ மேலே சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, வானிலைப் பக்கத்தை மேம்படுத்தக் குழு போடுகிறேன் என்றார். குழு காப்பிக்கடையில் மூன்று வாரம் கூடியது. பிறகு மேம்பாடு வெளியானது: சூரியனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு ஊருக்கு மின்சாரம் எடுத்திருக்கலாம்.

ஆத்திரத்துக்கு எங்கள் ஊரில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. தவக்காலத்துக்கு முந்தின நாள் ஒரு வைக்கோல் பொம்மையைக் கடற்கரைக்கு இழுத்து வந்து, அந்த வருஷத்துத் தீமை எல்லாவற்றுக்கும் அதுவே பொறுப்பு என்று விசாரித்துக் கொளுத்துவோம். அன்றைக்கு முகமூடி போட்டவன் எதைச் சொன்னாலும் மேயர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவர் தாத்தா காலத்து மேயரும் அப்படித்தான் நின்றார். இந்த வருஷப் பொம்மையை நான் செய்தேன். தலையில் நாலு சூப்புக் கரண்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மடியில் எலுமிச்சம்பழம். வக்கீல் நான். நீதிபதி யெர்கோ, என் மனைவியின் குளியல் அங்கியில், பஞ்சுத் தாடியோடு.

என் அதிர்ஷ்டம், அன்றைக்குப் புரா வந்தது. சும்மா வரவில்லை, குடும்பத்தோடு வந்தது. டிரம்பெட்காரன் ஊதியது அவன் வயிற்றுக்குள்ளேயே திரும்பிப் போனது. தட்டிலிருந்த ஃப்ரிதுலே உருண்டைகள் பறவைகள் மாதிரி கிளம்பின. சும்மா வாயைத் திறந்தவனுக்கெல்லாம் ஒன்று கிடைத்தது. ஜனங்கள் விளக்குக் கம்பங்களைக் கட்டிக்கொண்டு வழக்கைக் கேட்டார்கள்.

நான் குற்றங்களைச் சொல்லி முடித்தேன். எதிர்த்தரப்பாக டொலோரெஸ் தன் போனைத் தூக்கிக் காட்டி, இந்த நிமிஷமும் மென்காற்றுதான் என்று கத்தினாள். பாதிச் சொல்லில் மேயரின் தொப்பி கடலுக்குப் போனது. ஊரே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

யெர்கோ சிரிக்கவில்லை. பஞ்சுத் தாடியைக் கழற்றிவிட்டான். காற்று அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

“தலைவரே, நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. உங்க பக்கத்துல மென்காத்துன்னு இருக்கு. நான் இடது பக்கம் போவட்டா, வலது பக்கம் போவட்டா? நீங்களே சொல்லுங்க. சொன்ன பக்கம் போறேன்.”

விளையாட்டில் இல்லாத கேள்வி. மேயர் டொலோரெஸைப் பார்த்தார். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

“வலது பக்கம் போ யெர்கோ,” என்றார் மேயர், மெதுவாக.

“அப்ப உங்க பக்கம் என்னை ஏன் இடது பக்கம் அனுப்புது?”

யெர்கோ தீர்ப்புச் சொன்னான். இந்தக் காற்றில் தீ வைத்தால் ஊர் மிஞ்சாது, அதனால் குற்றவாளிக்குத் தீ கிடையாது. எலுமிச்சை மரத்தடி சுகம் போதும். அலைதடுப்பின் முனைக்குப் போய் வேலை செய்யட்டும்.

மறுநாள், சாம்பல் புதனன்று, நாங்கள் வலப்பக்கம் போனோம். மேயர் சொன்னது சரியாகவே இருந்தது. படகு அன்றும் கிளம்பவில்லை.

தவக்காலம் முடிவதற்குள் படகுப் பட்டறைக்காரன் ஒரு பழைய பாய்மரத்தின் அடிக்கட்டையை அலைதடுப்பின் கல்லில் அறைந்து, மானியை மேலே ஏற்றினான். இனி அதைப் பிடுங்க வேண்டுமானால் புரா தீவையும் சேர்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். டொலோரெஸ் கண்ணாடிச் சூரியனைத் தானே எடுத்துவிட்டாள். என்னோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை.

ஏப்ரலில் ஒரு விடியல். எங்கள் பள்ளத்தில் இலை அசையவில்லை. பிரிவில் பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காற்றைத் தேடினேன். யெர்கோ போனைப் பார்த்தான். வடக்குத் துறையில் கடும் புரா என்றிருந்தது.

“கையை உள்ள எடுங்க அத்தான், ஜோசியம் எல்லாம் வேணாம்,” என்றான். “வலது பக்கம் திருப்புங்க. கப்பல் போயிரும்.”